யின், யாங்: அளவின் சிக்கலா, பொழுதின் சிக்கலா?

சீன மருத்துவத்தின் அடித்தளமாகிய யின், யாங் என்னும் இணைக் கோட்பாடு, உடலில் இயங்கும் இரு ஆற்றல்களைத் தராசின் இரு தட்டுகளைப் போலச் சம எடையில் நிறுத்திவைப்பதே நலவாழ்வு என்று போதிப்பதாகப் பரவலாகக் கருதப்படுகிறது. மூல நூல்களைப் படிப்பவர்க்கு இக்கருத்து போதாததாகத் தோன்றும். வெப்பம், அசைவு, விழிப்பு, வெளிநோக்கிய பரவல் ஆகியவை யாங் எனவும், குளிர்ச்சி, அமைதி, உறக்கம், உள்நோக்கிய சேமிப்பு ஆகியவை யின் எனவும் அந்நூல்களில் வகுக்கப்பட்டாலும், எந்தப் பொருளும் தன்னளவில் யின்னாகவோ யாங்காகவோ நிலைத்திருப்பதில்லை. மார்பு, முதுகோடு ஒப்பிடும்போது யின், வயிற்றோடு ஒப்பிடும்போது யாங். இவ்விரண்டும் உறவுகளின் பெயர்களேயன்றிப் பொருள்களின் பெயர்கள் அல்ல என்பதால், எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டிலும், ஒன்று மற்றொன்றுக்கு உரிய பொழுதில் வழிவிடுகிறதா என்பதே அங்கு முதன்மையான கேள்வியாகிறது.

மஞ்சள் பேரரசருக்கும் அவருடைய அமைச்சர் சீபோவுக்கும் இடையிலான உரையாடலாக அமைந்த 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்னும் நூல், பெரும்பாலும் கி.மு. 2, 1ஆம் நூற்றாண்டுகளில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது; 'சூவென்', 'லிங்ஷூ' என்னும் அதன் இரு பகுதிகளும் தனித்தனியே 81 இயல்கள் கொண்டவை. விடியலிலிருந்து நண்பகல் வரை யாங்கினுள் யாங், நண்பகலிலிருந்து அந்தி வரை யாங்கினுள் யின், அந்தியிலிருந்து கோழி கூவும் வரை யின்னினுள் யின், கோழி கூவியதிலிருந்து விடியல் வரை யின்னினுள் யாங் என நாள் முழுவதையும் சூவென் நான்காகப் பகுக்கிறது. அதே பகுதியின் இரண்டாம் இயல் ஆண்டின் நான்கு பருவங்களுக்கும் ஒழுகலாறு வகுக்கிறது: வசந்தத்தில் இரவு தாமதமாகப் படுத்து அதிகாலையில் எழுந்து, கூந்தலைத் தளரவிட்டு முற்றத்தில் உலாவ வேண்டும், கோடையில் பகல் நீண்டிருப்பதை வெறுக்காமல், சினத்தைத் தேக்காமல் இருக்க வேண்டும், இலையுதிர் காலத்தில் முன்னதாக உறங்கிக் கோழியோடு எழ வேண்டும், குளிர்காலத்தில் முன்னதாகப் படுத்து, வெயில் ஏறும் வரை எழாமல் உடலின் வெப்பத்தைக் காக்க வேண்டும். இந்த இயலில் கூர்ந்து நோக்கத்தக்க செய்தி என்னவென்றால், ஒரு பருவத்தில் செய்த தவறு அப்பருவத்திலேயே நோயாக வெளிப்படும் என்று அது சொல்வதில்லை. வசந்தத்தின் இயல்புக்கு மாறாக நடந்தவர் கோடையில் குளிர்நோய்க்கு ஆளாவார் என்றும், குளிர்காலத்தில் சேமிக்கத் தவறியவர் வசந்தத்தில் தளர்ந்து விழுவார் என்றும் காரணத்தையும் விளைவையும் காலத்தால் பிரித்து வைக்கிறது. நலம் குறித்த சிந்தனையில் இது ஓர் ஆழமான நோக்கு. இன்று நோயற்றிருப்பவர் நலமாக இருக்கிறார் என்று உடனே முடிவு செய்துவிட முடியாது.

இக்கோட்பாடு மருந்தாக மாறும் இடத்தைக் கி.பி. 200ஐ ஒட்டி எழுதப்பட்ட 'ஷாங்ஹான் லுன்' காட்டுகிறது. அதன் ஆசிரியர் ஜாங் ஜோங்ஜிங், இருநூறுக்கும் மேற்பட்ட தம் குலத்தாரில் மூன்றில் இரண்டு பங்கினர் பத்தாண்டுகளுக்குள் மடிந்ததாலேயே மருத்துவ நூல்களில் இறங்கியதாக முன்னுரையில் தெரிவிக்கிறார். குளிர்க்காற்று தாக்கிக் காய்ச்சலும் வியர்வையும் கண்டவர்க்கு அவர் வகுத்த கஷாயத்தில் சீன இலவங்க மரத்தின் இளங்கொம்பு, பியோனி வேர், இஞ்சி, அதிமதுரம், பன்னிரண்டு இலந்தைப் பழம் ஆகிய ஐந்தே சரக்குகள் உள்ளன. இலவங்கம் யாங்கை வெளிநோக்கித் திறந்துவிட, பியோனி யின்னை உள்ளே பிடித்து நிறுத்துகிறது, இவ்விரண்டும் ஒரே எடையில் சேர்கின்றன. அத்துடன் மருத்துவர் நின்றுவிடவில்லை. கஷாயம் குடித்த சிறிது நேரத்தில் நீர்த்த அரிசிக்கஞ்சியைச் சூடாகக் குடிக்கவும், போர்வையால் மூடிப் படுக்கவும், உடலெங்கும் மெல்லிய ஈரம் கசியும் அளவுக்கே வியர்க்கவும் வேண்டும் என்றும், நீராக ஓடும்படி வியர்த்தால் நோய் தீராது என்றும் அவர் எச்சரிக்கிறார். வியர்வை யின்னைச் சேர்ந்த நீர். நோயை விரட்டும் அவசரத்தில் அதை இழந்துவிடக் கூடாது என்னும் கவலையை இந்தக் கஞ்சியிலும் போர்வையிலும் காணலாம்.

யின்னும் யாங்கும் நன்மை, தீமை என்னும் இரு முகாம்கள் அல்ல என்பது பலமுறை சொல்லப்பட்டதே. ஆயினும் சீனத்திலேயே அப்பிறழ்ச்சி நேர்ந்தது. ஹான் காலத்துக் கன்பூசியச் சிந்தனையாளர் தோங் ஜோங்ஷு அரசன், தந்தை, கணவன் ஆகியோரை யாங்காகவும், குடிமகன், மகன், மனைவி ஆகியோரை யின்னாகவும் கொண்டு, யாங்கை உயர்ந்ததாகவும் யின்னைத் தாழ்ந்ததாகவும் நிறுவினார். மருத்துவம் இந்தப் படிநிலையை முழுவதும் ஏற்க இயலாத நிலையில் இருந்தது. யின்னை இழிந்ததெனத் தள்ளும் மருத்துவரின் கையில் நோயாளி பிழைக்க மாட்டார் என்பதே காரணம்.

எது எளிதில் குறைந்துபோகிறது என்ற கேள்வியில் மருத்துவர்களிடையே நெடிய விவாதம் நிகழ்ந்தது. யுவான் காலத்தில் வாழ்ந்த ஜு ஜென்ஹெங் (1281–1358), அரசு மருந்தகத்தின் சூடும் வறட்சியும் மிக்க மணமருந்துகளை மக்கள் தாமாகவே வாங்கி உண்டு நலிவதைக் கண்டு, யாங் எப்போதும் மிகுதி, யின் எப்போதும் குறை என்று முடிவுகட்டினார். கதிரவன் என்றும் முழுமையாக இருக்க நிலவோ தேய்ந்து வளர்கிறது என்பதும், ஆசையே உடலின் தீயைக் கிளறி யின்னை எரிக்கிறது என்பதும் அவர் காட்டிய சான்றுகள். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் மிங் காலத்து ஜாங் ஜியேபின் (1563–1640), முதலில் அவரைப் பின்பற்றியவராயினும், பின்னர் அதே கதிரவனைக் கொண்டே அவரை மறுத்தார்: கதிரவன் ஒன்றே, அதுவும் இல்லையேல் உலகம் உறைந்துவிடும், எனவே அரிதானது யாங்கே. மேலோட்டமாகப் பார்த்தால் இது வெறும் கட்சிச் சண்டை. ஆனால் யாங்கைப் போற்றிய ஜாங் ஜியேபின் அதை வளர்க்க அமைத்த மருந்தில், சுத்தி செய்த வச்சநாபி இனக் கிழங்கோடும் இலவங்கத்தோடும், யின்னை ஊட்டும் ரெமானியா வேரை வேகவைத்துப் பெருமளவில் சேர்த்தார். யின்னின் துணை கிடைத்தால்தான் யாங் வற்றாமல் வளரும் என்பது அவர் கொள்கை. கோட்பாட்டின் உயிர் இத்தகைய கருத்து மோதலிலும், மோதலுக்குப் பின்னும் மிஞ்சிய இந்தப் பொதுப் புரிதலிலும் இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே அறிவுரையை நீட்டும் இன்றைய நலவாழ்வுக் கையேடுகளில் அதைக் காண்பது அரிது.

இருபதாம் நூற்றாண்டில் இக்கோட்பாட்டுக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஜப்பானில் மேலை மருத்துவம் பயின்ற யூ யுன்ஷியூ, யின்–யாங் வெறும் கற்பனை என்றார். சீன மருத்துவத்தைத் தடைசெய்ய அவர் முன்வைத்த திட்டத்தை எதிர்த்து 1929 மார்ச் 17 அன்று சீன மருத்துவர்கள் ஷாங்ஹாயில் திரண்டனர். அதற்கு முன்பே, 1922இல், இதழாசிரியராக இருந்து தம் பிள்ளைகளை நோய்க்குப் பறிகொடுத்தபின் மருத்துவரான யுன் தியேச்சியாவ், நெய்ஜிங் பேசும் ஐந்து உள்ளுறுப்புகள் தசையால் ஆனவை அல்ல, பருவங்களால் ஆனவை என்று விடை கூறியிருந்தார். இந்த விடையே கோட்பாட்டின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே உரைக்கிறது. பருவங்களைப் பற்றிய அறிவைக் கொண்டு இரத்தச் சர்க்கரையை அளக்க இயலாது. மார்புவலி கண்டவரின் நாடியில் யின், யாங் தேடிக் காலம் கடத்துவது அவரைக் கொல்வதற்கு ஒப்பாகும், வச்சநாபி சேர்ந்த மருந்தைத் தேர்ந்தவரின் மேற்பார்வையின்றி உண்பதும் அவ்வாறே. உழைப்புக்கும் ஓய்வுக்கும், விழிப்புக்கும் உறக்கத்துக்கும் உரிய பொழுதை மதித்து வாழ விரும்புவோர், சூவென்னின் இரண்டாம் இயலிலிருந்து தொடங்கலாம். அதில் மருந்துச் சரக்கு ஒன்றுகூடக் கூறப்படவில்லை.