மண்ணை மிதிக்கும் கோழி

குப்பைமேட்டைக் கிளறும் பெட்டைக்கோழி கொத்துவதெல்லாம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. சிந்திய நெல், கறையான், எறும்பு, வண்டு இவையெல்லாம் தெரியும். வேறொரு கோழியின் எச்சத்தோடு விழுந்து, ஈரமண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து முதிர்ந்த உருண்டைப்புழுவின் முட்டை தெரியாது. எறும்பும் வண்டும் நாடாப்புழுவின் இளம்பருவத்தைச் சுமந்து வருவதும் தெரியாது. நாட்டுக்கோழிக்கு ருசி தருவதாக நாம் மெச்சுகிற அதே மேய்ச்சல்தான் அதன் குடலில் புழுவையும் சேர்க்கிறது.

கொண்டை வெளுக்கும். தீனி தின்றாலும் நெஞ்செலும்பு துருத்தும். முட்டை குறையும். மூன்று மாதம் நிரம்பாத குஞ்சுகளுக்குத்தான் பாடு அதிகம். வளர்ந்த கோழி ஓரளவு தாங்கிக்கொள்ளும். வீட்டுக்காரம்மா கொண்டையைப் பார்த்ததுமே, “பூச்சி மருந்து குடுக்கணும்” என்பார். கொஞ்ச நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து, தாகத்தோடு வரும் கோழிகளுக்குப் பைப்பரசின் கலந்த தண்ணீரை வைப்பது வழக்கம். அந்த மருந்து புழுவின் தசையை முடக்குகிறது. குடலோட்டத்தை எதிர்த்து நீந்தித்தான் உருண்டைப்புழு உள்ளே நிலைத்திருக்கிறது. நீந்த முடியாமல் போனதும் எச்சத்தோடு வெளியே வந்து விழுகிறது. நாடாப்புழுவுக்கு இது பலிக்காது, வேறு மருந்து வேண்டும்.

விழுந்த பெண்புழுவின் வயிறு நிறைய முட்டை இருக்கும். அன்றைய எச்சத்தை அள்ளி அப்புறப்படுத்தாவிட்டால் அத்தனையும் முற்றத்திலேயே முதிரும். ஓடு தடித்தவை, நிழலும் ஈரமும் இருந்தால் மாதக்கணக்கில் சாகாது. மருந்து குடித்த கோழி மறுபடி கிளறப்போவது அந்த மண்ணைத்தான். வயிற்றுக்கு மருந்து உண்டு, முற்றத்துக்கு எதை ஊற்றுவது?

முற்றத்தையே இல்லாமல் ஆக்கிவிடலாம். பெரிய பண்ணைகளின் கம்பிக்கூண்டில் எச்சம் அடியில் விழுந்துவிடுகிறது, கோழி அதைத் தொடுவதே இல்லை. உருண்டைப்புழுத் தொல்லை அங்கே அரிது. அதற்கு விலையாக அந்தக் கோழிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஏ4 தாளின் பரப்புகூட இல்லாத இடம். சிறகை விரிக்க முடியாது. கிளற மண் கிடையாது. தாய்க்கோழி மண்ணைக் கிளறித்தான் குஞ்சுக்கு இரை காட்டுகிறது. அந்தப் பாடத்தைப் பறிக்காமல் புழுவை மட்டும் அடியோடு ஒழிக்க வழியில்லை. மண்ணை மிதிக்கும் உயிருக்கு மருந்தால் கிடைப்பது தவணைதான்.

அந்தத் தவணையைக் கட்டிக்கொண்டே இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒரே மருந்தை, அதுவும் அளவு குறைத்து, அடிக்கடி கொடுப்பவர்களைக் கண்டால் பயமாக இருக்கிறது. ஆடுகளின் வயிற்றுப்புழுக்கள் அப்படித்தான் மருந்துக்கு அடங்காமல் போயின. எச்சத்தைக் கால்நடை மருத்துவமனையில் காட்டி, எந்தப் புழு என்று தெரிந்துகொண்டு கொடுக்கலாம். மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுவிடலாம். மற்றபடி கூளம் நனையாமல் பார்த்துக்கொள்வது, கூண்டை இடம் மாற்றுவது, பழைய இடத்தைக் கொத்தி வெயிலில் காயவிடுவது. வெயிலுக்குக் காசு கிடையாது.