பெயர் நிற்கப் பொருள் மாறின்

நெடுநாள் வழங்கிவந்த ஒரு பொருளை, அதனைச் செய்தவன் தன் விருப்பப்படி நிறுத்திவிடலாமா? செய்யவும் செய்யாதிருக்கவும் அவனுக்கு உரிமை உண்டு என்று கூறி அப்பால் செல்வோர் பலர். அவ்வளவில் முடித்துவிட இயலாத வழக்கொன்று உண்டு. அது புல்லட் மோட்டார் சைக்கிளின் வழக்கு.

புல்லட் என்னும் பெயரை இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1932இல் தன் வண்டிக்குச் சூட்டியது. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றிற்று. அதன் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் இவ்வண்டி வளர்ந்தது. காலப்போக்கில் தாய்நிறுவனம் நலிந்து மறைய, 1977இல் சென்னையிலிருந்தே இங்கிலாந்துக்குப் புல்லட் ஏற்றுமதியாயிற்று. பிறந்த வீடு அழிந்தபின் புகுந்த வீட்டிலிருந்து சீர் சென்றதுபோல் ஆயிற்று அது.

அந்தப் பழைய புல்லட்டைக் கிளப்புவதே ஒரு கலை. அம்மீட்டரின் முள் நடுவே வந்து நிற்கும்வரை கிக்கரை மெல்ல மிதித்து, டீகம்ப்ரஸரைப் பிடித்துச் சற்றே நகர்த்தி, பின்னர் ஒரே மிதி. முறை தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலில் அதன் தழும்பைச் சுமப்போர் இன்றும் உளர். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். வார்ப்பிரும்பு உருளை கொண்ட அந்த எஞ்சின் எண்ணெய் கசியும். நின்ற இடத்தில் கையெழுத்து இட்டுச் செல்லும். ஆயினும் அதன் ஒலி தெருமுனையில் கேட்டதும் வருபவர் இன்னார் என்று வீட்டார் அறிவர்.

2010ஆம் ஆண்டையொட்டி அந்த எஞ்சின் விடைபெற்றது. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் ஒன்றாய் இணைந்த அலுமினிய எஞ்சின் அதனிடத்தில் அமர்ந்தது. 2023இல் அதுவும் போய் வேறொன்று வந்தது. எண்ணெய்த் தொட்டியில் பொன்னிறக் கோடு உண்டு. புல்லட் என்னும் பெயரும் உண்டு.

இம்மாற்றம் தவறு என்பார் கட்சியில் நான் இல்லை. புகைக் கட்டுப்பாடுகள் இறுகியதற்குக் காரணம் உண்டு. வண்டியின் இன்பம் ஓட்டுபவனுக்கு. புகையோ நடைபாதையில் செல்லும் குழந்தைக்கும் சேர்கிறது. ஒருவன் நினைவுகளைப் போற்றுவதற்கு மற்றொருவன் மூச்சைக் கேட்பது எவ்வகையில் அறமாகும்? இவ்வொரு வாதத்தின் முன் பழமையின் அழகுகள் எல்லாம் வாய்மூடவே வேண்டும்.

ஆனால் மாற்றத்தை ஆதரிப்போர் வேறொன்றையும் சொல்வர். பழையன கழிவது வழு அன்று என்று நன்னூலாரைத் துணைக்கு அழைப்பர். அவர் பேசியது சொல்லைப் பற்றி. சொல்லுக்கு உடைமையாளன் இல்லை. பேசுவோர் அனைவரும் மெல்ல மெல்லக் கைவிட அது வழக்கொழிகிறது. பழஞ்சொல்லை விடாது பற்றிய முதியவருக்கும் அதனால் ஓர் இழப்பும் இல்லை. வண்டியின் நிலை வேறு. ஓர் அறையில் கூடிய சிலர் முடிவெடுக்க, எங்கோ ஒரு சிற்றூரில் வால்வு தேய்ந்த வண்டியோடு ஒருவன் நிற்கிறான். அவன் வாங்கும்போது கொடுத்தது பணம் மட்டுமன்று; இது பல்லாண்டு உழைக்கும், பழுதுபார்க்கவும் கூடும் என்ற நம்பிக்கையையும் சேர்த்துக் கொடுத்தான்.

நாம் வாழும் புணேயில் நிகழ்ந்தது இன்னொரு வகை. 1972 முதல் இந்நகரத்து ஆகுர்டியில் உருவான சேதக் ஸ்கூட்டர் எத்தனை குடும்பங்களைச் சுமந்தது! கிளப்புமுன் அதனை ஒருபக்கம் சாய்த்து நிமிர்த்தாத தந்தையர் அரியர். 2009இல் பஜாஜ் நிறுவனம் ஸ்கூட்டர் தொழிலையே விடுவதாக அறிவித்தது. பத்தாண்டு கழித்து, 2019இல், அதே பெயர் மின்சார வண்டிக்குச் சூட்டப்பட்டது. மகாராணா பிரதாப்பின் குதிரைப் பெயர் அது. குதிரை மாண்டும் பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது.

பெயரை மட்டும் எடுத்துக்கொள்வது முறையா என்பதே என் ஐயம். தந்தையின் சொத்தை ஏற்பவன் கடனையும் ஏற்கவேண்டும் என்பது நம் ஊர் வழக்கு. புல்லட் என்னும் பெயரால் வரும் மதிப்பை விரும்பும் நிறுவனம், அப்பெயரை நம்பி முன்னர் வாங்கியவனுக்கு உதிரிப்பாகம் தரும் கடமையையும் சுமக்கவேண்டும். சுமக்க இயலாதெனில், அதன் வரைபடங்களையேனும் சிறு பட்டறைகளுக்குத் திறந்துவிடலாம். நானா பேட் கடைகளில் பழைய எஞ்சினுக்கான பாகங்களைத் தேடி வருவோர் இன்றும் உண்டு. பிஸ்டனைக் கையில் உருட்டிப் பார்த்தே தேய்மானம் சொல்லும் மிஸ்திரிகளின் அறிவு எந்த ஏட்டிலும் இல்லை. வண்டி நின்றால் அதுவும் நின்றுவிடும். எஞ்சினை நிறுத்துவது பொறியியல் பற்றிய முடிவு. இவர்களை மறப்பது அவ்வாறன்று.

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் படையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்; மராத்தியர். சென்ற ஆண்டு அவர் மகன் புதிய புல்லட் வாங்கிவந்தான். சுற்றிவந்து பார்த்தார், பொன்னிறக் கோட்டை விரலால் தடவினார், நன்று என்றார். பின் ஏறி அமர்ந்து, பொத்தானை அழுத்திக் கிளப்பினார். கியர் போட வலக்காலை அழுத்தினார். பிரேக் விழுந்தது. மகன் சிரித்தான், அவரும் சிரித்தார். இறங்கி, சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு, பின்கட்டில் துணிபோர்த்தி நின்ற தம் பழைய வண்டியிடம் போனார்.