மூடிய அறைக்குள் நடக்கும் கணக்கு

2022 ஜூன் மாதம் ஆஸ்திரேலியாவின் நியூகாஸில் துறைமுகத்தில், நோய் கண்காணிப்புக்காக வைத்திருந்த தேனீப் பெட்டிகளில் வரோவா உண்ணி அகப்பட்டது. தேனீ வளர்ப்பு பெருந்தொழிலாக நடக்கும் நாடுகளில் அதுவரை இந்த உண்ணி வேரூன்றாமல் இருந்தது ஆஸ்திரேலியாவில் மட்டும்தான். அந்த நிலையை விட்டுவிட மனமில்லாமல் அரசு சுற்றுவட்டாரப் பெட்டிகளை அழித்தது, பெட்டிகளை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகத் தடை போட்டது. 2023 செப்டம்பரில், இனி ஒழிக்க முடியாது, இதோடு வாழப் பழக வேண்டியதுதான் என்று முடிவானது. அமெரிக்கா 1987-லும், பிரிட்டன் 1992-லும், நியூசிலாந்து 2000-த்திலும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தன.

ஒன்றரை மில்லிமீட்டர் அகலமே உள்ள, கண்ணும் சிறகும் இல்லாத ஒரு சிற்றுயிர் உலகத்தையே இப்படிச் சுற்றி வந்தது எப்படி? அதன் பிறந்த வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த வீடு ஆசியத் தேனீயின் கூடு. நம் ஊரில் அடுக்குத் தேனீ என்றும் இந்தியத் தேனீ என்றும் சொல்கிறோமே, அதே இனம். மார்த்தாண்டத்துப் பெட்டிகளில் ரப்பர் தோட்டத் தேனைச் சேர்ப்பதும் இதுதான். இந்த இனத்தின் கூட்டில் இருந்த உண்ணியை 1904-இல் ஜாவாவிலிருந்து கிடைத்த மாதிரியை வைத்து முதலில் விவரித்தார்கள். உலகம் முழுக்கப் பெட்டிகளை அழித்தது அதன் நெருங்கிய உறவான இன்னோர் இனம் என்பது 2000-இல்தான் தெளிவாகி, அதற்குத் தனிப்பெயர் கிடைத்தது. தேன் அதிகம் தரும் ஐரோப்பியத் தேனீயை மனிதர்கள் தூரக் கிழக்குக்குக் கொண்டுபோய் ஆசியத் தேனீயின் பக்கத்தில் வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உண்ணி அந்தப் புது விருந்தாளியின் மேல் ஏறிக்கொண்டது.

இந்த இரண்டு தேனீக்களுக்கும் உள்ள வித்தியாசம் புரிந்தால் மிச்சம் எல்லாம் புரியும். அதற்கு அடையின் ஓர் அறைக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

தேனீப்புழு வளர்ந்து முடிந்ததும் வேலைக்காரத் தேனீக்கள் அறையின் வாயை மெழுகால் மூடுகின்றன. அதற்குச் சில மணி நேரம் முன்பே தாய் உண்ணி உள்ளே நழுவி, புழுவுக்கு ஊட்டிய கூழுக்கடியில் ஒளிந்துகொள்கிறது. மூடி விழுந்து சுமார் மூன்று நாளில் முதல் முட்டை. அது ஆண். பிறகு ஏறக்குறைய முப்பது மணி நேரத்துக்கு ஒன்றாகப் பெண் முட்டைகள். ஒரு பெண் உண்ணி முதிர்வதற்குக் கிட்டத்தட்ட ஆறு நாள் ஆகும். அண்ணனும் தங்கைகளும் அந்த இருட்டுக்குள்ளேயே இணைசேர்கின்றன. பன்னிரண்டாம் நாள் தேனீ மூடியைக் கடித்து வெளிவரும்போது, முதிர்ந்த ஒன்றிரண்டு மகள்கள் தாயோடு சேர்ந்து வெளியேறுகின்றன. முதிராதவையும் ஆணும் அங்கேயே சாகின்றன. ஆண் தேனீயின் அறை இன்னும் இரண்டு மூன்று நாள் கூடுதலாக மூடியிருக்கும். மகள்களும் கூடும். அதனால்தான் உண்ணிக்கு ஆண் தேனீ அறையின் மேல் அத்தனை ஆசை.

ஆசியத் தேனீயிடம் இந்தக் கணக்கு பலிப்பதில்லை. அதன் வேலைக்காரத் தேனீ அறைகளில் உண்ணி பெரும்பாலும் முட்டையே இடுவதில்லை, பெருக்கம் எல்லாம் ஆண் தேனீ அறைகளோடு சரி. ஆண் தேனீக்கள் வருடத்தில் சில காலம் மட்டுமே வளர்கின்றன. உண்ணிகள் பல சேர்ந்து உறிஞ்சிய ஆண் கூட்டுப்புழுவால் அதன் கெட்டியான மூடியை உடைத்து வெளியே வர முடியாது. மற்றத் தேனீக்களும் அதைத் திறப்பதில்லை. உண்ணிகளோடு சேர்த்து அங்கேயே அடக்கம். உடம்பில் ஒட்டியவற்றைத் தட்டிவிடுவதிலும் ஆசியத் தேனீ கெட்டி. இது நெடுங்காலப் பழக்கத்தில் அமைந்த ஒப்பந்தம், ஐரோப்பியத் தேனீக்கு அதற்கு அவகாசமே கிடைக்கவில்லை. அதற்காக நம் அடுக்குத் தேனீக்கு ஆபத்தே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் தென்னிந்தியாவில் பரவியபோது, கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் பெட்டிகள் வரிசை வரிசையாகக் காலியாயின. புழுக்கள் தண்ணீர்ப் பையாகி அறைக்குள்ளேயே செத்தன. அதற்கு உண்ணி தேவைப்படவில்லை.

ஐரோப்பியத் தேனீக்கு வந்த அழிவிலும் கடைசி அடியைக் கொடுப்பது வைரஸ்தான், உண்ணி அதற்கு வாகனம். நம் முதுகில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒட்டுண்ணி உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டால், தேனீயின் நிலை விளங்கும். வளர்ந்த தேனீயின் வயிற்றுக் கண்டங்களுக்கிடையே வாயை நுழைத்து உண்ணி தின்பது முக்கியமாகக் கொழுப்புத் திசுவை என்று சாமுவேல் ராம்சியும் கூட்டாளிகளும் 2019-இல் காட்டினார்கள். சத்தைச் சேமிப்பது, நஞ்சை முறிப்பது, நோயை எதிர்ப்பது எல்லாம் அந்தத் திசுவின் வேலை. அந்தக் காயத்தின் வழியாகச் சிறகு கோணும் வைரஸ் நேரே உடம்புக்குள் போகிறது. ஹவாய்த் தீவுகளில் இதற்கு நல்ல சாட்சி கிடைத்தது. ஒவாஹுவுக்கு 2007-இல் உண்ணி வந்தது, சில தீவுகளுக்கு வரவில்லை. ஸ்டீபன் மார்ட்டினின் குழு 2012-இல் ஒப்பிட்டுப் பார்த்தது. உண்ணி இல்லாத இடத்தில் சுமார் பத்தில் ஒரு கூட்டில் இருந்த வைரஸ், உண்ணி வந்த இடத்தில் எல்லாக் கூட்டிலும் இருந்தது. பல வகையாக இருந்த வைரஸும் ஒரே வகையாகச் சுருங்கியிருந்தது.

குளிர்நாடுகளில் வளர்ப்பவரை ஏமாற்றுவது பருவம். வசந்தத்திலும் கோடையிலும் ராணி நாளுக்கு ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும், பெட்டி நிரம்பி வழியும், தேன் சேரும். அப்போது உண்ணிகளில் பாதிக்கும் மேல் மூடிக்கு அடியில் இருப்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கோடை முடிந்து ராணி முட்டையைக் குறைத்ததும் தேனீ எண்ணிக்கை இறங்கும், உண்ணி எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். பனிக்காலத்தைத் தாண்ட வேண்டிய தேனீக்கள் பிறப்பது சரியாக அந்த நேரத்தில்தான். அவை நோயோடு பிறந்தால் பெட்டி டிசம்பரில் காலி. நவம்பரில் மருந்து வைத்து என்ன பயன்? செழிப்பாகத் தெரியும் பெட்டியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பேன்.

சந்தேகத்தைத் தீர்க்க எண்ணியே ஆக வேண்டும். புழு அடையிலிருந்து, ராணி அதில் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, சுமார் 300 தேனீக்களை ஒரு குப்பியில் எடுத்து ஆல்கஹாலில் குலுக்கினால் உண்ணிகள் உதிர்ந்து அடியில் தங்கும். ஒன்பது உண்ணி என்றால் நூற்றுக்கு மூன்று. அந்த அளவை எட்டிவிட்டால் வைத்தியத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. முன்னூறு உயிரைக் கொல்வதற்குப் பலருக்கு மனம் வராது. அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் எண்ணாமல் விட்டால் முப்பதாயிரமும் போகும். பொடித்த சர்க்கரையைத் தூவிக் குலுக்கினால் தேனீக்கள் பிழைக்கும், எண்ணிக்கை சற்றுக் குறைத்துக் காட்டும்.

மருந்துகளின் கதை நம்பிக்கையில் தொடங்கிக் கவலையில் நிற்கிறது. ஃப்ளுவாலினேட் பட்டைகள் முதலில் அற்புதமாக வேலைசெய்தன. 1990-களில் இத்தாலியில் தொடங்கி உண்ணிகள் அதற்குப் பழகிவிட்டன. மருந்து கொழுப்பில் கரைவதால் மெழுகிலும் தங்கியது. அடுத்து எல்லோரும் அமிட்ராஸை நம்பினார்கள். 2025-இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெட்டிகள் பெருவாரியாக மடிந்தபோது, அரசு ஆய்வாளர்கள் பார்த்த உண்ணிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அமிட்ராஸை எதிர்க்கும் மரபணு மாற்றம் இருந்தது. ஒரே மருந்தை வருடா வருடம் வைப்பவர், மருந்துக்கு அஞ்சாத உண்ணியைத் தாமே தேர்ந்தெடுத்து வளர்க்கிறார்.

ஃபார்மிக் அமிலத்தின் ஆவி மூடியைத் தாண்டியும் போகும், ஆனால் வெயில் கடுமையானால் ராணியையே இழக்க நேரும். ஆக்ஸாலிக் அமிலம் மலிவு, வலிமையானது, மூடிக்குள் மட்டும் எட்டாது. அதனால் குளிர்நாட்டுக்காரர்கள் புழுவே இல்லாத நடுப்பனிக் காலத்தில் அதை வைக்கிறார்கள். ஆண் தேனீ அடையைத் தனியாகக் கட்டவிட்டு, மூடியதும் வெட்டி எடுப்பது மருந்தில்லாத வழி. எடுக்கும் நாளை மறந்தால் உண்ணிப் பண்ணையே நடத்தியதாக ஆகும்.

மருந்தே வேண்டாம், தாங்குவது பிழைக்கட்டும் என்று சொல்பவர்களும் உண்டு. சுவீடனின் காட்லாந்து தீவில் 1999-இல் 150 கூடுகளை அப்படி விட்டுப் பார்த்தார்கள். பெரும்பகுதி மடிந்தது, மிஞ்சிய சில உண்ணியோடு வாழப் பழகின. உண்ணி புகுந்த அறையை மோப்பம் பிடித்துத் திறந்து சுத்தம்செய்யும் குணமுள்ள தேனீக்களை அமெரிக்காவின் பேட்டன் ரூஜ் ஆய்வகம் பொறுக்கி வளர்த்திருக்கிறது. நீண்ட காலத் தீர்வு இந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். ஆனால் பத்துப் பெட்டியை வைத்துப் பிழைப்பவரிடம் ஒன்பதைச் சாகவிடச் சொல்ல முடியாது. சாகும் பெட்டியைக் கொள்ளையடிக்க வரும் பக்கத்துத் தேனீக்கள் அதன் உண்ணிகளைத் தம் வீட்டுக்குச் சுமந்துபோகும் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

பனிக்காலமே இல்லாத நாட்டில், ஐரோப்பியத் தேனீயின் ஒரு வகையான இத்தாலியத் தேனீயை வளர்ப்பவருக்குப் புழு இல்லாத இடைவெளி தானாக வராது, அதை உண்டாக்க வேண்டும். ராணியைச் சின்னக் கூண்டில் 24 நாள் அடைத்து வைத்தால், ஆண் தேனீப் புழு உட்பட எல்லாம் பொரிந்து வெளியே வந்திருக்கும். ஒளிய அறையில்லாத உண்ணிகள் தேனீக்களின் மேல் இருக்கும். ஆக்ஸாலிக் அமிலத்துக்கு அதுதான் நாள். மலைத் தேனீயிடமிருந்து இத்தாலியத் தேனீக்குத் தாவிய ட்ரோபிலேலாப்ஸ் என்ற இன்னோர் உண்ணிக்கும் இதே கூண்டு உதவும். வளர்ந்த தேனீயின் மேல் வாய்வைத்துத் தின்ன அதற்கு இயலாது. புழு இல்லாத பெட்டியில், மருந்தே வைக்காவிட்டாலும், அது சில நாட்களில் பட்டினியால் செத்துவிடும்.