லாக் விளக்கு எரிகிறது

மனசாட்சிக்கு வயதாகுமா?

கேள்வியை நேரடியாக எடுத்துக்கொண்டால் கதாகாலட்சேபம் மாதிரி ஆகிவிடும். அதனால் ஒரு பழைய ருபிடியம் கடிகாரத்தை மேஜை மேல் வைத்துக்கொண்டு பேசுவோம். கொஞ்சம் பௌதிகம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரம் என்றதும் முள்ளையும் முகத்தையும் தேடாதீர்கள். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு உலோகப் பெட்டி. மின்சாரம் கொடுத்தால் விநாடிக்கு ஒரு கோடி தடவை துடிக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. எஃப்ராடாம் கம்பெனியின் எல்பிஆர்ஓ என்ற மாடலை 1990-களில் செல்போன் நிலையங்களில் வைத்தார்கள். நிலையங்கள் நவீனமானதும் அவை காயலான் கடைக்குப் போய், அங்கிருந்து உலகெங்கும் உள்ள எலெக்ட்ரானிக்ஸ் பைத்தியங்களின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. அதற்கும் மூத்த தலைமுறையான ஹியூலெட் பேக்கார்டின் 5065ஏ, அரை நூற்றாண்டு தாண்டியும் சிலர் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டனார் காலத்து அம்பாசடர் கார் மாதிரி, வைத்திருப்பவர்களுக்குத் தனிப் பெருமை.

உள்ளே துடிப்பது சாதாரண குவார்ட்ஸ்தான். அதற்குக் கொஞ்சம் அலைபாயும் புத்தி. அதைக் கண்காணிக்கத்தான் ருபிடியம். ஒரு குட்டிக் கண்ணாடிக் குப்பியில் ருபிடியம் ஆவி. அதன் வழியே ஒரு குட்டி ருபிடியம் விளக்கின் வெளிச்சம். குவார்ட்ஸிலிருந்து பெருக்கிய நுண்ணலை, விநாடிக்கு 683 கோடியே 46 லட்சத்து 82 ஆயிரத்துச் சொச்சம் என்ற எண்ணைத் தொட்டால், அந்தப் பக்கம் வந்து சேரும் வெளிச்சம் ஒரு துளி மங்கும். மிகக் கொஞ்சம்தான். அந்த மங்கலை விடாமல் பிடித்துக்கொண்டு குவார்ட்ஸை இழுத்து நிறுத்தும் சர்க்யூட். பிடி கிடைத்துவிட்டால் 'லாக்' ஆகிவிட்டது என்று ஒரு சமிக்ஞை வரும். அதில் ஒரு பச்சை விளக்கைக் கோத்துவிடுவார்கள். விளக்கு எரிந்தால் எல்லாம் சுகம்.

சுகம்தானா என்பதில்தான் வம்பு.

முதலில் ஆயுளைப் பார்ப்போம். "அணுக் கடிகாரமாச்சே சார், அதுக்கு என்ன கேடு?" என்று கேட்பீர்கள். இதில் வேலை செய்யும் ருபிடியம்-87 என்ற அணுவின் அரை ஆயுள் சுமார் 4,900 கோடி வருஷம். பிரபஞ்சத்துக்கே இப்போது 1,380 கோடி வருஷம்தான் ஆகிறது. ஆனால் அந்த அணுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கெப்பாசிட்டர் சூட்டில் வெந்து இருபது முப்பது வருஷத்தில் மண்டையைப் போட்டுவிடும். சிரஞ்சீவிக்குப் பக்கத்து இலை போட்ட கதை.

விளக்கும் அப்படித்தான். அதற்குள் இருக்கும் ருபிடியம் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. அதையும் சுற்றியிருக்கும் கண்ணாடி வருஷக்கணக்கில் மெல்ல மெல்லக் குடித்துவிடுகிறது. விளக்கின் தெம்பைச் சொல்ல பெட்டியில் ஒரு பின் உண்டு. அதில் வோல்டேஜ் இறங்கினால் விவரம் தெரிந்தவர்கள் திறந்து, விளக்கின் மேல் பதமாகச் சூடான காற்றை ஊதுவார்கள். தப்பான இடத்தில் படிந்து வெளிச்சத்தை மறைத்த உலோகம் விலகி, விளக்கு சில சமயம் பிழைத்துக்கொள்ளும். பெட்டியின் அடியில் கனமான அலுமினியத் தகடு வைத்து, சின்ன விசிறி போட்டுச் சூட்டைத் தணித்தால் ஆயுள் நீளும். இதெல்லாம் நேர்மையான வியாதிகள். முற்றினால் லாக் போய்விடும், விளக்கு அணைந்துவிடும், உங்களுக்குத் தெரிந்துவிடும்.

தெரியாத வியாதி ஒன்று இருக்கிறது. குப்பிக்குள் ருபிடியத்தோடு வேறு வாயுவும் கொஞ்சம் அடைத்திருக்கிறார்கள். அதன் அழுத்தம் அந்த 683 கோடியை இம்மியளவு நகர்த்தும்; குப்பிக்குக் குப்பி வேறு அளவு. அதனால் ருபிடியத்தை மூலத் தரமாக வைப்பதில்லை. 1967 முதல் விநாடிக்கு இலக்கணம் சீசியம் அணு. போதாக்குறைக்கு, காற்றில் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு இருக்கும் ஹீலியம் கண்ணாடியையே ஊடுருவி உள்ளே போகிறது. கடிகாரத்தை அணைத்து அலமாரியில் பூட்டி வைத்தாலும் போகிறது. எண் நகர்கிறது. சர்க்யூட் நகர்ந்த எண்ணையே விசுவாசமாகப் பிடித்துக்கொள்கிறது. பச்சை விளக்கு கம்பீரமாக எரிகிறது.

லாக் என்றால் குவார்ட்ஸ் இந்தக் குப்பியோடு ஒத்துப்போகிறது என்றுதான் அர்த்தம். இந்தக் குப்பி உலகத்தோடு ஒத்துப்போகிறதா என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியவே தெரியாது.

இப்போது மனசாட்சிக்கு வரலாம். உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். ஆபீஸில் முப்பது வருஷம் கை நீட்டாதவர். சொன்ன சொல் மாறாதவர். மகள் வேறு ஜாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக அவள் முகத்தில் விழிக்காமல் இருபது வருஷம் இருந்தவரும் அவர்தான். "என் மனசாட்சிக்கு விரோதமா நான் நடந்ததில்லை" என்பார். பொய்யில்லை. விளக்கு எரிகிறது. உறுதியைத்தான் நாம் பொதுவாகப் புகழ்கிறோம். கொள்கை மாறாதவர் என்று போஸ்டர்கூட ஒட்டுகிறோம். எதைப் பிடித்துக்கொண்டு உறுதியாக இருக்கிறார் என்று கேட்பதில்லை.

சரி, யாரை வைத்துச் சரிபார்ப்பது? வீட்டுக் கடிகாரத்தை ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிடுகிறார்கள். அந்தச் செயற்கைக்கோள்களில் இருப்பதும் பெரும்பாலும் ருபிடியம்தான்! அதைத் தரையிலிருந்து திருத்துகிறார்கள். தரையிலுள்ள கடிகாரங்களை, டெல்லியில் இருக்கும் நம் தேசிய பௌதிக ஆய்வகத்துடையது உட்பட நானூறுக்கும் மேற்பட்டவற்றை, பாரிஸ் பக்கத்தில் செவ்ர் என்ற ஊரில் இருக்கும் சர்வதேச அளவியல் நிறுவனம் சேர்த்துச் சராசரி எடுக்கிறது. யார் எவ்வளவு விலகினார் என்ற பட்டியல் அடுத்த மாதம்தான் வரும். 2014 முதல் அங்கே ஒரு நல்ல பழக்கம். ஒரு கடிகாரம் நகர்ந்தால் உடனே அதன் மதிப்பைக் குறைப்பதில்லை. எவ்வளவு நகரும் என்று முன்கூட்டியே கணிக்க முடிந்தால் அதற்கு நல்ல மரியாதை. தன் கோணல் இன்னதென்று தெரிந்தவனுக்கு சபையில் இடம்.

இந்த இடத்தில் உவமை கொஞ்சம் நொண்டுகிறது, ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரே சேர்ந்து ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைக்கும்போது சராசரி எடுத்தால் ஊர்தான் சரி என்று வரும். தனியாக நின்ற ஒருத்தர் சரியாக இருந்திருக்கிறார், பல தடவை. கடிகாரங்களுக்குச் சராசரிக்கு வெளியே சீசியம் என்று ஓர் இலக்கணம் இருக்கிறது. நமக்கு அப்படி எழுதி வைத்த எண் இல்லை. என்னைக் கேட்டால், யாருக்கு நம்மால் வலிக்கிறதோ அவர்களிடம் போய்க் கேட்பதுதான் கையில் இருக்கும் ஒரே அளவுகோல். கேட்பது கஷ்டம், தெரியும்.

பராமரிப்பில் கடைசியாக ஒன்று. பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் திருப்பி எண்ணைச் சரிசெய்யலாம். அனுபவஸ்தர்கள் திருப்புவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வார்கள். எவ்வளவு விலகியிருந்தது என்று தேதி போட்டு நோட்டில் எழுதுவார்கள். எழுதாமல் திருப்பினால், மாதத்துக்கு எவ்வளவு நகர்கிறது என்ற கணக்கே தொலைந்துவிடும்.

நம்மவர் பேரன் பிறந்ததும் சத்தமில்லாமல் திருகைத் திருப்பிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போனார், குழந்தையைத் தூக்கினார், "நல்லா இருக்கியாம்மா?" என்றார். நோட்டில் எதுவும் எழுதவில்லை. அந்த இருபது வருஷக் கணக்கு இப்போது மகளிடம் மட்டும்தான் இருக்கிறது.