சிறகுத் தழும்பு

ஒரு ஜீவனுக்கு ‘ஒட்டுண்ணி’ என்று பெயர் வைத்துவிட்டால், அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கும் பொறுப்பு நமக்குத் தீர்ந்துவிடுகிறது. பெயரே தீர்ப்பாகிவிடுகிறது. பிறர் உழைப்பில் வாழ்வதாக நான் நினைத்த மனிதர்களையும் அந்தச் சொல்லால் சுட்டியிருக்கிறேன். சுட்டியதில் ஏதோ கூர்மை இருப்பதாகப் பெருமையும் பட்டிருக்கிறேன். அந்தப் பெருமை போன கதை இது.

சென்ற கோடையில் பொன்னமராவதிக்குப் போயிருந்தேன். எங்கள் பக்கத்துக் காடுகளில் புள்ளிமான்கள் உண்டு. குளம் குட்டை வற்றினால் தண்ணீர் தேடி ஊர்ப்பக்கம் வந்துவிடும். வந்தால் நாய்கள் விடுவதில்லை. அப்படி ஒரு மான் கொன்னையூர்ச் சாலையோரம் செத்துக் கிடந்தது. கால்நடை மருத்துவர் வந்து பரிசோதித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் நானும் நின்றேன். மானின் தொடை இடுக்கில், மயிருக்குள், பழுப்பாகத் தட்டையாக ஏதோ ஓடிற்று.

“உண்ணி” என்றேன்.

“உண்ணிக்கு எட்டுக் கால், சார். இதற்கு எத்தனை? எண்ணிப் பாருங்கள்” என்று இடுக்கியால் பிடித்துக் காட்டினார். ஆறுதான் இருந்தன.

“அப்படியானால் பேன்.”

“பேனுக்குச் சிறகு ஏது? இதற்கு இருந்திருக்கிறது” என்று பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். மார்பின் இரண்டு பக்கமும் முறிந்த குச்சியின் அடிபோல இரண்டு துண்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. “இது ஈ, சார். மான் ஈ.”

நான் தவறியதில் வெட்கமில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். உயிரினங்களுக்கெல்லாம் பெயர் வைத்த லின்னேயஸே 1758-ல் ஐரோப்பாவின் மான் ஈயைப் பேன் வகையில் சேர்த்து ‘மான் பேன்’ என்றுதான் எழுதினார். 1818-ல் நிட்ச் என்ற ஜெர்மானியர் அதற்கு ‘லிபோப்டீனா’ என்று தனி இனப்பெயர் சூட்டினார். சிறகை இழந்தது என்பது அந்தக் கிரேக்கப் பெயரின் பொருள். புள்ளிமானின் மேல் வாழ்வதும் இந்தக் குடும்பமே.

இந்த ஈ பிறக்கும்போது சிறகோடுதான் பிறக்கிறது. பறந்து போய் ஒரு மானைத் தேடுகிறது. கிடைத்ததும் மயிருக்குள் புகுந்து, சிறகுகளை அடியோடு முறித்துப் போட்டுவிடுகிறது. பிறகு ஆயுள் முழுவதும் அந்த மான்தான் அதற்கு ஊர், உலகம் எல்லாம். மாட்டின் அடிமடியிலும் நாயின் காதோரத்திலும் ஒட்டிக்கொண்டு, எத்தனை அடித்தாலும் சாகாமல் நழுவும் ஈயைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதற்கு உறவு. ஆனால் அது சிறகை விடுவதில்லை. இந்த மாடு இல்லாவிட்டால் அந்த மாடு. மான் ஈக்கு அந்த வசதி கிடையாது. மான் குளிர்ந்துவிட்டால் அதன் கதையும் முடிந்தது. பின்லாந்தில் 1960-களின் தொடக்கத்திலிருந்து பரவிய இந்த ஈ, காட்டில் காளான் பறிக்கப் போகிறவர்கள் தலையிலும் வந்து இறங்குகிறதாம். அங்கேயும் சிறகை முறித்துப் போட்டுவிடும். மனித உடம்பில் அதற்கு வம்சம் கிடையாது. தவறான இடம் என்று தெரியும்போது திரும்பிப் போக வழியில்லை.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

அவள் என் தகப்பனாரின் தங்கை. சிறுவயதிலேயே கணவனை இழந்தவள். ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு தன் சோற்றைத் தானே சம்பாதித்தவள். அம்மா படுக்கையில் விழுந்தபோது மெஷினோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா எழுந்து நடமாடிய பிறகும் போகவில்லை. நான் கல்லூரி விடுதியிலிருந்து ஒரு விடுமுறைக்கு வந்தபோது முன்கட்டில் மெஷின் இல்லை. பழுது, கொடுத்துவிட்டோம் என்றார்கள். நான் மேலே கேட்கவில்லை.

எனக்கு வேலை கிடைத்த புதிதில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, நண்பனிடம் பொதுவாகப் பேசுவதுபோல, “ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஒட்டுண்ணி இருக்கும்” என்றேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மறுநாளிலிருந்து அத்தை மாலைக் காப்பியை விட்டுவிட்டாள். பித்தம் என்று காரணம் சொன்னாள். அவள் காலமான பிறகுதான் அம்மா சொன்னாள்: மெஷின் போனது என் கல்லூரிக் கட்டணத்துக்கு.

ஈயை மனிதரோடு ஒப்பிடுவது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமில்லைதான். ஈ மானின் ரத்தத்தைக் குடிக்கிறது. மானை யாரும் சம்மதம் கேட்கவில்லை. சிறகை முறித்ததால் அது தியாகியும் ஆகிவிடாது. அதன் இயல்பு அது. மனிதர்களிலும், கொடுக்கச் சிறகே இல்லாமல் பிறர் ரத்தத்தில் கொழுத்தவர்கள் உண்டு. அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. சார்ந்து வாழ்வதைப் பார்த்தவுடன், சார்ந்தவரின் குணமே அது என்று முடிவு கட்டுகிறோமே, அதைத்தான் கேட்கிறேன். அது அவரோடு பிறந்ததா, அல்லது எதையோ முறித்துப் போட்டதன் விளைவா? இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். லின்னேயஸுக்கே பேனாகத் தெரிந்தது.

எங்கள் ஊருக்கு மேற்கே பிரான்மலை இருக்கிறது. பாரியின் பறம்பு அதுதான் என்பார்கள். கொழுகொம்பு இல்லாமல் தவித்த முல்லைக்குத் தேரைக் கொடுத்தவன் அவன். அந்தக் கொடியைப் பார்த்து, சொந்தக் காலில் நிற்கத் தெரியாத செடி என்று அவனுக்குத் தோன்றவில்லை. அந்த மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த எனக்குத் தோன்றிற்று.

மான் கிடந்த இடத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பியவன் முன்கட்டில் உட்கார்ந்தேன். சிவப்புச் சிமெண்டுத் தரையின் மூலையில் துருவேறிய நான்கு வட்டங்கள் இருந்தன. மெஷினின் கால்கள் பதிந்த இடம். எத்தனையோ வருஷமாக அங்கேதான் இருக்கின்றன. அன்றைக்குத்தான் குனிந்து எண்ணினேன்.