யாருடைய ஞாயிறு?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மயிலாப்பூர் அடுக்ககங்கள் தாமதமாகத்தான் விழிக்கின்றன. வாரம் முழுவதும் பழைய மாமல்லபுரம் சாலைக்குப் போய்வந்த ஐ.டி. ஊழியரும், கணக்கு முடித்துக் களைத்த வங்கி அதிகாரியும் அன்றைக்கு ஒரு நாள் அசந்து தூங்குகிறார்கள். மணி ஆறு இருக்கும்போது மாடிப்படியில் கேட்கும் செருப்புச் சத்தம் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுடையது. சனிக்கிழமை இரவு விருந்தாளிகள் வந்துபோன வீட்டில் சிங்க் நிறையப் பாத்திரம். பிரியாணி அடிப்பிடித்த குக்கரைத் தண்ணீர் ஊற்றி ஊறப்போடக்கூட யாருக்கும் தோன்றியிருக்காது. வீட்டுக்காரர்களுக்கு விடுமுறை நாள். அவருக்கு வேலை கூடுதலான நாள்.

இதில் ஓர் அறக் கேள்வி இருக்கிறது. தனக்கு ஓய்வு வேண்டும் என்று உரிமையோடு கேட்பவர், தன்னிடம் வேலை செய்பவருக்கும் அதைக் கொடுக்கக் கடமைப்பட்டவரா? அல்லது அது அவரவர் தாராள மனத்தைப் பொறுத்ததா?

வேலை நேரம் பற்றிய விவாதம் அண்மைக் காலத்தில் நம் வீடுகளில் சூடாகவே நடந்தது. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்டு டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி நேரம் வரை போனார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவியின் முகத்தைப் பார்ப்பது என்ற பொருளில் அவர் பேசியது நாடெங்கும் கோபத்தைக் கிளப்பியது. கோபம் நியாயமானது. ஆனால், 90 மணி நேரம் அலுவலகத்தில் இருக்கிற ஒருவருக்குச் சமைப்பது யார், துணி துவைப்பது யார், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது யார் என்று கேட்டவர்கள் குறைவு. அளவுக்கு மீறிய உழைப்புக்குப் பின்னால் இன்னொருவரின் கணக்கில் வராத உழைப்பு இருக்கிறது. அதேபோல், ஒருவருடைய நிம்மதியான ஓய்வுக்குப் பின்னாலும் இன்னொருவரின் உழைப்பு இருக்கிறது. வேலையும் வாழ்வும் சமநிலையில் இருப்பதைத் தனிமனிதரின் நேர நிர்வாகத் திறமையாகப் பேசும் புத்தகங்கள் இந்த இரண்டாவது உண்மையை எளிதில் தாண்டிப் போய்விடுகின்றன.

வேலை நேரம் பற்றிய இந்த வழக்கு சென்னைக்குப் புதிதல்ல. இந்தியாவின் முதல் மே தினத்தை 1923இல் சிங்காரவேலர் இந்த ஊர்க் கடற்கரையில்தான் கொண்டாடினார். சரியாக நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கும் திருத்த மசோதா தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது. ஆளும் கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. மூன்று நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். சங்கம் இருந்த இடத்தில் எட்டு மணி நேரம் தப்பித்தது.

சங்கம் இல்லாத இடங்களில் என்ன நிலை? தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போனால் தெரியும். இரவு ஒன்பது மணிக்குப் புடவைப் பிரிவில் நிற்கும் பெண் ஒவ்வொரு புடவையாக உதறி விரித்து, தோளில் போட்டுக் காட்டுகிறார். முப்பது புடவை பார்த்த பிறகு, "சும்மா பாக்கலாம்னுதான் வந்தோம்" என்று வாடிக்கையாளர் எழுந்துவிடுகிறார். எழுந்துவிடுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்: வந்தவருக்கு நாற்காலி உண்டு. காட்டியவர் ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றபடி, பிரித்த முப்பதையும் மடித்து அடுக்க வேண்டும். கடைப் பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல்தான் தமிழ்நாடு, கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கேரளம் 2018இலேயே செய்திருந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு ஸ்டூலுக்கு இடம் கிடைக்க எழுபத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

வீட்டு வேலை செய்பவரின் ஓய்வுக்கு அந்த அளவுச் சட்டம்கூட இல்லை. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென நலவாரியம் 2007இல் அமைந்தது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாகக் கணக்கில் எடுத்தது. ஆனால், வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கைக்கு 2011இல் ஆதரவாக வாக்களித்த இந்தியா, அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. ஆகவே, ஒரு வீட்டில் வார விடுமுறை உண்டா இல்லையா என்பது பெரும்பாலும் அந்த வீட்டு அம்மாவின் மனநிலையைப் பொறுத்தது.

விடுமுறை கொடுக்காததற்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாமே பொய் அல்ல. முதலாவது, "எங்க வீட்ல ஒருத்தி மாதிரிதான் வெச்சிருக்கோம்." மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கைமாற்று, தீபாவளிக்குப் புடவை, காய்ச்சல் என்றால் மருந்து என்று இருபது வருடமாகத் தொடரும் உறவுகள் மயிலாப்பூரில் உண்மையாகவே இருக்கின்றன. அந்தப் பாசத்தைக் கேலி செய்வது தவறு. ஆனால், வீட்டில் ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்றால் சம்பளம் பிடிப்பதில்லை; அவளுக்குத் தனி டம்ளர் கிடையாது; அவள் தரையில் உட்கார்ந்து காபி குடிப்பதில்லை. கைமாற்றுக் கொடுத்தது நல்ல காரியம். அதற்கு ஈடாக ஒரு பெண்ணின் ஐம்பத்திரண்டு ஞாயிறுகளை எடுத்துக்கொண்டால், அது பிறகு வட்டி ஆகிவிடுகிறது. தயவு கொடுப்பவர் கையில் இருக்கிறது; எப்போது வேண்டுமானாலும் நிற்கும். ஓய்வு அப்படி நிற்கக்கூடாத ஒன்று.

இரண்டாவது காரணம் இன்னும் கனமானது. பிள்ளைகள் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, மாட வீதிகளைச் சுற்றித் தனியாக வாழும் முதியவர்கள் பலர். எண்பது வயதில் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்க முடியாது. அவர்களுக்கு ஞாயிறும் ஒன்றுதான், திங்களும் ஒன்றுதான். இந்தத் தேவையைச் சோம்பலோடு சேர்த்துப் பேசுவது அநியாயம். ஆனாலும், தேவை எவ்வளவு உண்மையாக இருந்தாலும், அதை ஒரே ஒரு பெண்ணின் தலையில் ஏழு நாளும் ஏற்றும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வேறொருவரை அமர்த்தி, அதற்கான செலவை ஏற்க வேண்டியவர்கள் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள். பெற்றோருக்குச் செய்ய வேண்டிய கடமையை வேலைக்கார அம்மாவின் விடுமுறையிலிருந்து கழிக்கக் கூடாது.

மூன்றாவது, "அவங்களே லீவு கேக்கலையே." கேட்டால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் குடியமர்த்தப்பட்ட பிறகும் பழைய பேட்டையிலேயே வேலையைத் தொடரும் பெண்கள், விடிவதற்கு முன் பஸ் பிடித்து வருகிறார்கள். மூன்று வீட்டில் வேலை. ஒரு வீட்டில் விட்டால் மற்ற இரண்டிலும் கதை கேட்பார்கள். எனவே கேட்காமல் நின்றுவிடுகிறார்கள். மறுநாள், "சொல்லாம கொள்ளாம நின்னுட்டியே" என்ற அர்ச்சனை. அதற்கு ஒரு காய்ச்சலோ, ஊரில் ஒரு சாவோ பதிலாக வருகிறது.

இந்தப் பொய் அலுவலகத்துக்கும் தெரிந்த பொய்தான். மேலாளரிடம் களைப்பு என்று சொல்லி ஒரு நாள் விடுப்பு வாங்க முடியாத இளைஞர், பாட்டியைச் சாகடிக்கிறார். சில அலுவலகங்களில் ஒரே பாட்டி இரண்டு மூன்று முறைகூடச் செத்திருக்கிறார். சிரிப்பாக இருந்தாலும், பணி உறவின் உடல்நிலையைச் சொல்லும் அடையாளம் இது. ஓய்வு வாங்கப் பொய் சொல்ல வேண்டியிருக்கிற இடத்தில் உறவு நோய்ப்பட்டிருக்கிறது. அங்கே சம்பளம் சரியாக வரலாம், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டலாம், ஒருவரை ஒருவர் அக்கா, தம்பி என்று அழைக்கலாம். "நாளைக்கு முடியாதுங்க" என்ற ஒரு வாக்கியத்தைப் பயமில்லாமல் சொல்ல முடியவில்லை என்றால், மற்றதெல்லாம் மேல்பூச்சு.

விசித்திரம் என்னவென்றால், இரவு பத்து மணிக்கு மேலாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தியைப் பார்த்துக் கொதிப்பவரே, அடுத்த நிமிடம் வேலைக்கார அம்மாவுக்கு, "நாளைக்குச் சீக்கிரம் வந்துடுங்க" என்று குரல் பதிவு அனுப்புகிறார். பிரான்சில் 2017இலிருந்தும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலிருந்தும், பணி நேரத்துக்குப் பின் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமையைச் சட்டம் ஏற்றிருக்கிறது. அதைப் படித்துப் பெருமூச்சு விடுபவர்கள், தங்களுக்கு மேலே பார்த்துக் கேட்கும் நியாயத்தைத் தங்களுக்குக் கீழேயும் பார்த்துத் தர வேண்டும். மேலே மட்டும் பார்த்துக் கேட்டால் அது சலுகை கோருவது. இரு பக்கமும் பார்க்கும்போதுதான் அது அறம்.

எனவே முதல் கேள்விக்கான விடை தெளிவானது. ஓய்வு கொடுப்பது தாராளம் அல்ல, கடன். அதை அடைக்கச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வீட்டில் வேலை செய்பவருக்கு வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை என்று நாளைக் குறித்துச் சொல்லிவிடலாம். அந்த நாளின் பாத்திரத்தை மறுநாளுக்குச் சேர்த்துவைக்காமல் வீட்டில் எல்லாருமாகத் தேய்த்துவிடலாம். கடைக்கு மூடும் நேரத்தில் போகாமல் இருக்கலாம். அலுவலகத்தில் தன் குழுவில் இருப்பவர் விடுப்புக் கேட்டால், காரணம் கேட்காமல் கொடுக்கலாம். தன் ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்ற நினைக்கும் ஒவ்வொருவரும், இந்த வாரம் யாருடைய ஞாயிறு தன் கையில் இருக்கிறது என்று பார்த்து, அதை முதலில் திருப்பிக் கொடுக்கட்டும்.