செருப்பு போட இருபது நிமிஷம்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரைப் பார்க்கப் போகிறவர்கள், 'கையைத் தூக்க முடியுதா? பேச்சு வந்துடுச்சா?' என்றுதான் கேட்கிறார்கள். பாதத்தை யாரும் விசாரிப்பதில்லை. பாதுகையைச் சிம்மாசனத்தில் வைத்துப் பதினாலு வருஷம் ராஜ்யம் நடந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பெரியவர்கள் காலில் விழுகிறோம். விழும்போது கண்ணை மூடிக்கொள்வதாலோ என்னவோ, அந்தக் காலைப் பார்ப்பதில்லை!

பலருக்கு முன்பாதத்தைத் தூக்கும் தசை பலவீனமாகிப் பாதம் தொங்கிவிடுகிறது. நடக்கையில் விரல் நுனி தரையில் உரசும். நிலைப்படி, மிதியடி, சுருண்ட பாய்... எது வேண்டுமானாலும் தட்டிவிடும். அதற்காகக் காலை வெளிப்பக்கம் அரைவட்டமாக வீசி நடப்பார்கள். ஏ.எஃப்.ஓ. என்ற 'எல்' வடிவ பிளாஸ்டிக் பட்டை பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும். ஹவாய் செருப்பு உதவாது. விரல்கள் கவ்வினால்தானே அது காலில் நிற்கும்? பின்பக்கம் வார் வைத்து, வெல்க்ரோ ஒட்டுகிற செருப்புதான் சரி. வீட்டுக்குள்ளும் போடுங்கள் என்றால், 'சாமி இருக்கிற வீட்டுல செருப்பா?' என்று ஒரு குரல் வரும். இடுப்பெலும்பு முறிவதைவிடச் செருப்பைச் சாமி பொறுத்துக்கொள்ளும் என்பது என் கட்சி.

எனக்குத் தெரிந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர். 71 வயது. ஒற்றைக் கையால் அந்தப் பட்டையை மாட்டி, செருப்பைப் போட்டு முடிக்க அவருக்கு இருபது நிமிஷம். மகன் போட்டுவிட்டால் இரண்டே நிமிஷம். ஒருநாள் மகன் குனிந்ததும் தடுத்தார்.

"விடுடா. எனக்கு இன்னிக்கு வேற என்ன வேலை?"

மகன் செய்ய வந்தது உதவியா? ஆபீஸ் பஸ் அவனுக்கு. மிச்சமாகிற பதினெட்டு நிமிஷம் யாருடையது? திரும்பத் திரும்பச் செய்துதான் மூளை மறுபடி கற்றுக்கொள்கிறது. அந்த வாய்ப்பை அன்பின் பெயரால் நாம் பிடுங்கிக்கொள்கிறோம். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்று டாக்டர் சொன்னால், அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை என்று குடும்பம் எடுத்துக்கொள்கிறது. நான் படித்தது பி.காம். தேய்மானம் கழித்துக் கழித்து, கணக்குப் புத்தகத்தில் ஒன்றுமில்லாமல் போன மெஷின் ஃபேக்டரியில் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும். அது மாதிரிதான்.

நடக்கும்போதும் இதே அவசரம். விழுந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுக்கிறோம். தோள்மூட்டு நழுவும் ஆபத்து உண்டு. அந்தப் பக்கத்தில் அரையடி பின்னால் நின்றாலே போதும். ஊன்றுகோல் நல்ல கையில் இருக்க வேண்டும்.

சரி, எல்லாவற்றையும் அவர் இஷ்டத்துக்கு விட்டுவிடலாமா? அதே ஹெட்மாஸ்டர், 'நகம் வெட்டிவிடட்டுமா?' என்று மருமகள் கேட்டால் காலை வேட்டிக்குள் இழுத்துக்கொள்கிறார். கூச்சம். ஒற்றைக் கையால் நகவெட்டியை வைத்துக்கொண்டு குனிந்தால் விழுவார். அவருக்குச் சர்க்கரையும் உண்டு. மரத்துப்போன பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது. வெந்நீர் சுட்டாலும், உச்சி வெயிலில் பிராகாரம் சுற்றிக் கொப்பளித்தாலும் தெரியாது.

1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயம்பட்டுக் காயம்பட்டே குறைகின்றன என்று காட்டினார். ராத்திரி எலி கடித்தும் விழிக்காதவர்கள் இருந்தார்கள். சர்க்கரைக்காரர்களின் மரத்த பாதத்துக்கும் அந்தப் பாடம் பொருந்தும்.

ஆகவே, செருப்பு விஷயத்தில் அவர் 'வேண்டாம்' என்றால் கேட்டுக்கொள்வேன். நஷ்டம் என் நேரம் மட்டும். உள்ளங்காலைப் பார்க்க வேண்டாம் என்றால் லேசில் விடமாட்டேன். அங்கே போவது அவர் கால். இதுவும் ஒரு வகை அதிகாரம்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம். அதனால்தான் பலவந்தப்படுத்தாமல், கெஞ்சிக் கேட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது. நாமோ நேர்மாறாக, செருப்பு போட ஓடுகிறோம், நகம் வெட்டத் தயங்குகிறோம்.

அந்த வீட்டில் இப்போது வேலை ஆறாம் வகுப்புப் பேத்தியிடம். குளித்ததும் ஈரம் துடைத்து, விரல் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்க்கிறாள். அவளிடம் தாத்தாவுக்குக் கூச்சமில்லை. போன வாரம் செருப்பைத் தட்டினபோது ஒரு புளியங்கொட்டை விழுந்தது.

"எத்தனை நாளா இது உள்ள இருக்கு தாத்தா?"

அவர் அதை வாங்கி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.